திரையில் வரும் ‘கீக்’ யாருடைய முகம்? (விவாத இழை)

தென்றல் (எடிசன், நியூ ஜெர்சி)

‘கீக்’ என்றால் படிப்பு, கணினி, காமிக்ஸ் என்று ஏதாவது ஒன்றில் மூழ்கிக் கிடப்பவன், பழகத் தெரியாதவன் என்று கேலிக்கு ஆளாகிறவன். அவனைப் பற்றி ரொம்ப நாளாக எழுத நினைத்த விஷயம். நீளமாக இருந்தாலும் பொறுமையாகப் படியுங்கள்.

‘தி பிக் பேங் தியரி’ தொடர் 2007-இல் தொடங்கி 2019-இல் முடிந்தது. 12 சீசன், 279 எபிசோடுகள். இன்றைக்கும் ஏதோ ஒரு சேனலில் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. நான்கு நண்பர்கள், நால்வரும் அறிவியல் துறைக்காரர்கள், காமிக்ஸ் பைத்தியங்கள், பெண்களிடம் பேசத் திணறுகிறவர்கள். மூவர் வெள்ளையர். நான்காமவர் டெல்லியிலிருந்து வந்த ராஜ் கூத்ரபாலி.

மூன்று வெள்ளையருக்கும் அவர்கள் ஏன் இப்படி ஆனார்கள் என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. ஷெல்டனுக்கு டெக்சாஸ் ஊர், பைபிளைக் கையில் வைத்திருக்கும் அம்மா, பீர் குடிக்கும் அப்பா, அவனைப் புரிந்துகொள்ளாத பள்ளி. அந்தக் குழந்தைப் பருவத்தைச் சொல்வதற்கென்றே தனித் தொடர் எடுத்தார்கள், அது 2017 முதல் 2024 வரை ஓடியது. லெனர்டுக்குப் பாசமே காட்டாத மனநல மருத்துவர் அம்மா. ஹோவர்டுக்கு விட்டுப்போன அப்பா. ராஜுக்கு? பணக்கார அப்பா லேப்டாப் திரையில் வந்து திட்டுவார், அவ்வளவுதான். அவன் ஏன் வானியற்பியலுக்கு வந்தான், சின்ன வயதில் எந்தப் புத்தகம் அவனைப் பிடித்து இழுத்தது என்று அந்தத் தொடர் அக்கறையோடு நின்று கேட்கவே இல்லை. இந்தியன் என்பதே போதுமான காரணம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

வெள்ளைப் பையன் கீக்காக இருந்தால் அது அவனுடைய தேர்வு, அவனுடைய காயம், கடைசியில் அவனுடைய வெற்றி. நம் பையன் கீக்காக இருந்தால் அது அவன் பிறப்பு. முன்னது அடையாளம், பின்னது முத்திரை. இதை நாம் பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.

முத்துக்குமரன் (சான் ஹோசே)

தென்றல் மேடம், மரியாதையோடு மறுக்கிறேன். இந்த முத்திரையால் நமக்கு என்ன நஷ்டம்? என் மகன் வகுப்பில் கை தூக்கினால் ஆசிரியை முதலில் அவனைத்தான் கேட்கிறார். வீடு வாடகைக்குப் பார்க்கப் போனால் “எஞ்சினியரா?” என்று கேட்டுவிட்டுச் சாவியைத் தருகிறார்கள். இந்த நாட்டில் கறுப்பினத்துப் பையனுக்குத் தெருவில் நடக்கும்போது கிடைக்கிற முத்திரையோடு ஒப்பிட்டால் நம்முடையது வரம்.

ஸ்பெல்லிங் பீ என்ற ஆங்கில எழுத்துக்கூட்டல் போட்டியையும் பாருங்கள். 1985-இல் பாலு நடராஜன் ஜெயித்தார், இந்திய வம்சாவளியில் அவர்தான் முதல் ஆள். 2008 முதல் 2019 வரை ஒவ்வொரு ஆண்டும் கோப்பை வாங்கியவர்களில் ஓர் இந்திய வம்சாவளிக் குழந்தையாவது இருந்தது. 2019-இல் எட்டுப் பேர் சேர்ந்து ஜெயித்தார்கள், அதில் ஏழு பேர் நம் பிள்ளைகள். இது கொண்டாட வேண்டிய விஷயம். புத்திசாலி என்று பெயர் வாங்குவதற்கு வருத்தப்படுகிற சமூகம் உலகத்தில் வேறு எங்காவது உண்டா?

கீற்று (பாஸ்டன்)

முத்துக்குமரன் அண்ணா, நீங்கள் சொல்வது எல்லாம் நடந்ததுதான். ஆனால் ‘நம் பிள்ளைகள்’ ஏன் ஜெயிக்கிறார்கள் என்பதில்தான் சிக்கல் இருக்கிறது.

1965-இல் அமெரிக்கா குடியேற்றச் சட்டத்தை மாற்றியது. நாட்டுவாரி ஒதுக்கீடு போய், குடும்ப உறவுக்கும் தொழில்திறமைக்கும் முன்னுரிமை வந்தது. இந்தியாவிலிருந்து முதலில் வந்தவர்களில் டாக்டர், எஞ்சினியர், ஆராய்ச்சி மாணவர் அதிகம். 1990 சட்டம், வெளிநாட்டுத் தொழில்திறமையாளர்களை வேலைக்கு எடுப்பதற்கான எச்-1பி விசாவை உருவாக்கியது. ஆண்டுக்கு 65,000 என்று இருந்த உச்சவரம்பு, இணைய நிறுவனங்கள் பெருகிய டாட்காம் காலத்தில் 1,95,000 வரை போனது. அந்த விசாவை அதிகம் வாங்கியவர்கள் இந்தியக் கணினிக்காரர்கள். சஞ்சய் சக்ரவர்த்தி, தேவேஷ் கபூர், நிர்விகார் சிங் மூவரும் 2016-இல் எழுதிய ஆய்வு நூல் இதை விரிவாகச் சொல்கிறது. இங்கே வந்த இந்தியர் மூன்று சல்லடையில் சலிக்கப்பட்டவர். உயர்கல்விக்குப் போக முடிந்த சாதியும் வர்க்கமும் முதல் சல்லடை. நுழைவுத் தேர்வு இரண்டாவது. விசா மூன்றாவது.

இப்படிச் சலித்தெடுத்த சில லட்சம் பேரின் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு, “இந்தியர் என்றாலே கணக்கு வரும்” என்று டிவி சொல்கிறது. விசா அலுவலகம் செய்த வேலைக்கு ரத்தத்துக்குப் பாராட்டு.

ஸ்பெல்லிங் பீயும் அப்படித்தான். நார்த் சவுத் ஃபவுண்டேஷன் மாதிரியான அமைப்புகள் ஊர் ஊராகச் சின்னக் குழந்தைகளுக்குப் போட்டி நடத்துகின்றன. தனிப் பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள், முன்னாள் வெற்றியாளர்களே சொல் பட்டியல் தயாரித்து விற்கிறார்கள். குழந்தை உழைக்கிறது, பெற்றோர் சனி ஞாயிறு முழுக்கக் கார் ஓட்டுகிறார்கள். அந்த உழைப்பை “அவங்க மூளை அப்படி” என்று சொன்னால் அது பாராட்டா? என்னைப் பொறுத்தவரை அந்தக் குழந்தையின் உழைப்பைப் பறித்துக்கொள்வது அது.

ஸ்கார்பரோவாசி (டொராண்டோ)

வணக்கம். கனடாவில் இருந்து ஒரு மறுபக்கம்.

எங்கள் ஈழத்தமிழ்ச் சனம் விசா வரிசையில் சலிக்கப்பட்டு வந்தவர்கள் இல்லை. 1983-இல் இலங்கையில் நடந்த கலவரத்துக்குப் பிறகு ஓடி வந்தவர்கள். 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்து கரைக்கு அப்பால், மீன்பிடிக்காரர்கள் இரண்டு உயிர்காப்புப் படகில் 155 தமிழரைக் கண்டெடுத்தார்கள். என் தலைமுறையின் கதை அந்தப் படகில் இருந்து தொடங்குகிறது. ஊரில் ஆசிரியராக, கிளார்க்காக இருந்த அப்பாமார் இங்கே உணவகத்தில் கோப்பை கழுவினார்கள், இரவில் தொழிற்சாலை, விடிய பேப்பர் போடுகிற வேலை.

தொண்ணூறுகளில் நான் ஸ்கார்பரோவில் படித்த காலத்தில் தமிழ்ப் பெடியன் என்றால் கீக் என்று யாரும் நினைக்கவில்லை. கேங் என்று நினைத்தார்கள். பத்திரிகையில் தமிழர் பற்றிச் செய்தி வந்தால் கத்திக்குத்து, துப்பாக்கிச்சூடு, இல்லாவிட்டால் புலி. கடையில் நுழைந்தால் காவலாளி பின்னாலேயே வருவார். அதே தோல் நிறம், அதே மொழி, அதே முருகன் கோயில். எல்லைக்கு இந்தப் பக்கம் குற்றவாளி, அந்தப் பக்கம் கணக்குப்புலி.

ஆகவே முத்துக்குமரன் அண்ணை, ‘வரம்’ என்று நீங்கள் சொல்வதை யாரோ உங்களுக்குத் தந்திருக்கிறார்கள். தந்தவர் எடுத்துக்கொள்ளவும் முடியும். 2010-இல் 492 தமிழ் அகதிகளோடு சன் சீ கப்பல் வான்கூவர் தீவுக்கு வந்தபோது, இங்கே பிறந்து வளர்ந்து பல்கலைக்கழகம் முடித்த எங்கள் பிள்ளைகளையே வேலையிடத்தில் ஒரு மாதிரிப் பார்த்தார்கள். ஒரு கிழமைக்குள் மாறிவிட்டது.

இன்னொன்று. 2020-இல் நெட்ஃபிளிக்ஸில் ‘நெவர் ஹாவ் ஐ எவர்’ தொடர் வந்தது. கலிஃபோர்னியாவில் வளரும் தமிழ்ப் பெண் தேவி விஸ்வகுமார்தான் கதாநாயகி. படிப்பில் முதலிடம், கோபக்காரி, அப்பாவை இழந்தவள். அதில் நடித்த மைத்ரேயி ராமகிருஷ்ணன் எங்கள் ஊர்ப்பக்கம், மிசிசாகாவில் வளர்ந்த ஈழத்தமிழ்ப் பிள்ளை. பொது அழைப்புக்கு விண்ணப்பித்த 15,000 பேரில் இருந்து எடுத்தார்கள். அகதிக் குடும்பத்துப் பிள்ளை, அமெரிக்க டாக்டர் வீட்டுப் பிள்ளையாக நடித்தாள். எனக்குப் பெருமைதான். ஆனால் அவளுடைய சொந்தக் குடும்பக் கதையை யார் எடுப்பார்கள் என்றும் யோசித்தேன்.

முத்துக்குமரன் (சான் ஹோசே)

ஸ்கார்பரோவாசி, உங்கள் பதிவை என் மனைவிக்கும் வாசித்துக் காட்டினேன். தந்தவர் எடுத்துக்கொள்ளலாம் என்ற இடம் மனதில் நிற்கிறது. செப்டம்பர் 11-க்குப் பிறகு எங்கள் ஊரில் டர்பன் கட்டிய நண்பர்களுக்கு நடந்ததைப் பார்த்தவன் நான்.

ஆனாலும் என் கேள்வி அப்படியே இருக்கிறது. தேவி மாதிரி ஒரு கதாநாயகியும் வந்துவிட்டாளே? கோபம், அழுகை, காதல் எல்லாம் அவளுக்குக் கொடுத்திருக்கிறார்கள். இன்னும் என்ன வேண்டும்?

தென்றல் (எடிசன், நியூ ஜெர்சி)

நிறைய வேண்டும் சார். ஆனால் தேவி வருவதற்கு எவ்வளவு காலம் ஆனது என்பதை முதலில் பார்க்கலாம்.

1986-இல் ‘ஷார்ட் சர்க்யூட்’ என்று ஒரு ரோபோ படம். அதில் ஓர் இந்திய எஞ்சினியர், ஆங்கிலத்தைத் தப்பும் தவறுமாகப் பேசிச் சிரிக்க வைப்பார். நடித்தவர் ஃபிஷர் ஸ்டீவன்ஸ் என்ற வெள்ளைக்காரர், முகத்தில் பழுப்புச் சாயம் பூசிக்கொண்டு. தென் கரோலினாவில் வளர்ந்த தமிழ் முஸ்லிம் வீட்டுப் பிள்ளை, நகைச்சுவை நடிகர் அஜீஸ் அன்சாரி, சின்ன வயதில் அந்தப் பாத்திரத்தைப் பார்த்துத் திரையில் நம் ஆள் ஒருவர் வந்துவிட்டார் என்று மகிழ்ந்தவர். நிஜம் தெரிந்தது வளர்ந்த பிறகுதான். இதை அவர் 2015-இல் நியூயார்க் டைம்ஸில் எழுதினார். அதே ஆண்டு தன் தொடரில் தன் சொந்த அப்பா அம்மாவையே அப்பா அம்மாவாக நடிக்க வைத்தார். அந்த அப்பாவைப் பாருங்கள். அவர் டாக்டர், ஆனால் அவரைப் பற்றிச் சொல்ல அதைத் தவிர எவ்வளவு இருக்கிறது!

இந்திய வம்சாவளி நடிகர் கல் பென் 2017-இல், தான் ஆரம்ப காலத்தில் வாய்ப்புக்குப் போனபோது தந்த வசனப் பக்கங்களை ட்விட்டரில் போட்டார். எல்லாம் உச்சரிப்பை வைத்துச் சிரிக்க வைக்கும் சின்னச் சின்ன வேடங்கள்.

இதெல்லாம் சினிமாக்காரர் பிரச்சினை என்று நினைக்காதீர்கள். என் மகள் படிக்கும் பள்ளியில் நாடகக் குழுவுக்குப் பெயர் கொடுத்தாள். கிடைத்தது கதாநாயகிக்குக் கணக்கு வீட்டுப்பாடம் செய்து தரும் தோழி வேடம். அவளுக்குக் கணக்கே பிடிக்காது. பாட்டு நன்றாகப் பாடுவாள். ஆசிரியரிடம் கெட்ட எண்ணம் துளியும் இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. அவர் அவளைப் பார்த்த அந்தக் கணத்திலேயே வேடம் முடிவாகிவிட்டது.

நிரலி (சென்னை)

இந்த இழையில் இதுவரை வந்த கீக் எல்லாருமே பையன்கள். தேவி மட்டும் விதிவிலக்கு. நான் மென்பொருள் துறையில் இருக்கிறேன், இந்தப் பக்கத்தையும் பார்த்துவிடலாம்.

கணினிக்காரன் என்றால் கண்ணாடி போட்ட, மனிதர்களோடு பழகத் தெரியாத ஆண் என்ற படம் தானாக வந்ததில்லை. 1946 பிப்ரவரியில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் எனியாக் கணினியை உலகுக்குக் காட்டினார்கள். அதற்கு நிரல் எழுதியவர்கள் ஆறு பெண்கள்: கே மெக்நல்டி, பெட்டி ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர், மார்லின் வெஸ்காஃப், ஃபிரான் பிலாஸ், ரூத் லிக்டர்மேன். அன்றைய இரவு விருந்துக்கு அவர்களை அழைக்கவில்லை. பல பத்தாண்டுகளுக்குப் பிறகு கேத்தி கிளைமன் என்ற மாணவி பழைய புகைப்படங்களில் இருக்கும் இந்தப் பெண்கள் யார் என்று விசாரித்தபோது, இயந்திரம் அழகாகத் தெரிவதற்காக நிறுத்திய மாடல்கள் என்று பதில் வந்தது.

அறுபதுகளில் புரோகிராமர்களுக்குப் பெரிய தட்டுப்பாடு. யாரை எடுப்பது என்று நிறுவனங்களுக்குத் தெரியவில்லை. 1966-இல் வில்லியம் கேனன், டாலிஸ் பெர்ரி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1,378 புரோகிராமர்களை ஆராய்ந்து, “இவர்கள் புதிர் விடுவிப்பதில் விருப்பம் உள்ளவர்கள், மனிதர்களில் ஆர்வம் இல்லாதவர்கள்” என்ற மாதிரி ஒரு குறிப்பு தயாரித்தார்கள். அந்த 1,378 பேரில் பெண்கள் 186 பேர்தான். ஆளெடுக்கும் தேர்வுகள் இந்த மாதிரியான குறிப்புகளைப் பின்பற்றின. மனிதர்களைப் பிடிக்காதவன்தான் நல்ல புரோகிராமர் என்று தேடினால் அப்படிப்பட்டவன்தான் கிடைப்பான். கிடைத்தவனைப் பார்த்து, இந்த வேலைக்கு இப்படிப்பட்டவன்தான் சரி என்று மறுபடி சொல்வார்கள். நேதன் என்ஸ்மெங்கர் என்ற வரலாற்றாய்வாளர் இந்தச் சுழலை விரிவாக எழுதியிருக்கிறார்.

அப்புறம் எண்பதுகள். வீட்டுக் கணினி வந்தது. விளம்பரத்தில் பையன், சினிமாவில் பையன், கணினியை வைத்ததும் பையன் அறையில். அமெரிக்காவில் கணினி அறிவியல் இளநிலைப் பட்டம் பெற்றவர்களில் பெண்கள் 1984 வாக்கில் 37 சதவீதம். பிறகு சரிந்து 18 சதவீதம் பக்கம் வந்துவிட்டது. மருத்துவத்திலும் சட்டத்திலும் பெண்கள் ஏறிக்கொண்டிருந்த அதே காலத்தில் இது நடந்தது.

எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு உளவியலாளர் சப்னா செரியன் 2009-இல் வெளியிட்டது. ஓர் அறையில் ஸ்டார் டிரெக் போஸ்டரும் சோடா கேன்களும். இன்னோர் அறையில் இயற்கைக் காட்சிப் படம், சாதாரணப் பொருட்கள். அந்த அறைகளில் உட்கார்ந்த பெண்களிடம் கணினி அறிவியலில் ஆர்வம் உண்டா என்று கேட்டார்கள். முதல் அறையில் இருந்தவர்களுக்கு ஆர்வம் குறைவாக இருந்தது. பாடம் அதேதான். சுவரில் மாட்டியிருந்ததுதான் வேறு.

கார்னகி மெலன் பல்கலைக்கழகம் இதைத் திருப்பியும் காட்டியது. ஜேன் மார்கோலிஸும் ஆலன் ஃபிஷரும் மாணவ மாணவியரிடம் பேசிப் பேசி, முன் அனுபவம் இல்லாதவர்களுக்குத் தனி நுழைவு வழி வைத்து, சேர்க்கை முறையையும் மாற்ற வைத்தார்கள். 1995-இல் சேர்ந்தவர்களில் பெண்கள் 7 சதவீதம், 2000-இல் 42. பெண் மூளை ஐந்து ஆண்டில் மாறவில்லை. கதவு மாறியது.

பினாங்கு ராதா

நிரலி, கைகொடுங்கள். எங்கள் நாட்டில் வேறு கதை. மலேசியப் பல்கலைக்கழகங்களில் கணினி அறிவியல் வகுப்பில் பெண்கள்தான் அதிகம், பேராசிரியர்களும் பெண்கள். இதைப் பார்த்து ஆச்சரியப்பட்டு, ஐரோப்பாவிலிருந்து ஆய்வாளர்கள் வந்தார்கள். நோர்வேயின் விவியன் லாகெசன் மலாயாப் பல்கலைக்கழகத்திலும், சுவீடனின் உல்ஃப் மெல்ஸ்ட்ரம் இங்கே பினாங்கிலும் ஆராய்ந்தார்கள். இங்கே கணினி வேலை என்றால் குளிர்சாதன அறை, பத்திரமான வேலை, வெயிலில் நிற்க வேண்டாம், பெண்ணுக்குத் தோதானது என்று குடும்பங்கள் நினைத்தன. அதுவும் ஒரு முத்திரைதான். ஆனால் அந்த முத்திரை என்னை உள்ளே அனுப்பியது, அமெரிக்காவில் இருக்கும் முத்திரை என் அக்கா மகளை வெளியே நிறுத்துகிறது.

நிரலி (சென்னை)

ராதா அக்கா, சென்னையிலும் அதேதான். என் கல்லூரி வகுப்பில் பாதிக்குப் பாதி பெண்கள். யாரும் எங்களை விசித்திரமாகப் பார்க்கவில்லை. பிரச்சினை வேலைக்கு வந்த பிறகு தொடங்குகிறது. மென்பொருளைச் சோதிக்கும் டெஸ்டிங் வேலை பெண்ணுக்கு, அதை வடிவமைக்கும் ஆர்க்கிடெக்ட் வேலை ஆணுக்கு. கல்யாணம் ஆனதும் “இவள் எவ்வளவு நாள் இருப்பாள்” என்ற கணக்கு. இதைச் செய்பவர்கள் கீக் படம் பார்த்து வளர்ந்தவர்கள் இல்லை. ஆகவே எல்லாப் பழியையும் அமெரிக்க டிவி மேல் போட எனக்கு மனமில்லை.

இரும்புக்கை (கோவை)

எல்லாரும் பெரிய பெரிய விஷயம் பேசுகிறீர்கள். நான் கீக் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறவன், என் பக்கத்தையும் கேளுங்கள்.

இந்த இழையில் கீக் என்றால் நல்ல மார்க் வாங்குகிறவன் என்றே எல்லாரும் எடுத்துக்கொண்டு பேசுகிறீர்கள். நான் பிளஸ் டூவில் கணக்கில் தட்டுத் தடுமாறிப் பாஸ் ஆனவன். ஆனால் சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ் இதழ்களை எந்த ஆண்டு, எந்த அட்டை, மூலக்கதை எந்த நாடு என்று சொல்வேன். 1972-இல் முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கியது. 1984-இல் லயன் வந்தது. பிரிட்டன், பெல்ஜியம், பிரான்ஸ், இத்தாலிக் கதைகள் எல்லாம் தமிழில் வந்தன. இந்தியாவில் எத்தனை மொழியில் இந்தப் பாக்கியம் கிடைத்தது? இன்றைக்கும் புத்தகத் திருவிழாவுக்குப் போனால் நரைத்த தலையோடு மாமாக்கள் வந்து பழைய இதழ் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். ஆட்டோ ஓட்டுகிறவர், பேங்க் மேனேஜர், மளிகைக் கடைக்காரர் எல்லாரும் அந்த வரிசையில் நிற்கிறார்கள். இதுதான் நான் பார்த்த கீக் உலகம். மார்க் ஷீட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

தமிழ் சினிமாவில் இவர்கள் எங்கே? கண்ணாடி போட்டவன் வந்தால் அவன் படிப்ஸ், சோடாபுட்டி, கதாநாயகனின் நண்பன். பிட் கொடுக்க மாட்டான், அடி வாங்குவான், இடைவேளைக்குப் பிறகு காணாமல் போய்விடுவான். ஒன்றின்மேல் உயிராக இருக்கிற மனிதனை, அந்த ஆசைக்காகவே மதிக்கிற படம் வேண்டும் எனக்கு.

பள்ளியில் என்னை ஒதுக்கினார்கள். காமிக்ஸும் அதைப் படிக்கும் நாலு பேரும் இல்லாவிட்டால் நான் என்ன ஆகியிருப்பேன் என்று தெரியாது. கீக் என்ற பெயரை விட்டுத்தர என்னால் முடியாது.

கீற்று (பாஸ்டன்)

இரும்புக்கை, நீங்கள் விட்டுத்தர வேண்டாம். ஆனால் ஒதுக்கப்பட்டவர் இடம் பிடித்த பிறகு அடுத்தவரை ஒதுக்குவதும் நடந்திருக்கிறது. 2014-இல் அமெரிக்காவில் கேமர்கேட் என்ற பெயரில், வீடியோ கேம் உருவாக்கிய பெண்களையும் கேம்களை விமர்சித்த பெண்களையும் கூட்டமாகத் துரத்தினார்கள். கொலை மிரட்டலுக்குப் பயந்து வீட்டை விட்டு வெளியேறியவர்கள் உண்டு. துரத்தியவர்களில் பலர், நாங்கள்தான் பள்ளியில் அடி வாங்கியவர்கள், இது எங்கள் கடைசி இடம் என்று சொல்லிக்கொண்டார்கள். பட்ட காயம் பொய்யில்லை. அதை வைத்து அவர்கள் செய்ததுதான் கொடுமை.

மகேஷ் (வேலூர்)

கீற்று முதல் சல்லடை என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் அந்தச் சல்லடைக்குக் கீழே இருந்து வந்தவன்.

‘இயல்பான மூளை’ என்ற பேச்சு அமெரிக்க டிவிக்கு முன்பே நம் ஊரில் உண்டு. மானுடவியலாளர் அஜந்தா சுப்ரமணியன், சென்னை ஐஐடியை மையமாக வைத்து 2019-இல் எழுதிய நூல், தகுதி என்று நாம் சொல்வதற்குள் சாதி எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று காட்டுகிறது. தலைமுறை தலைமுறையாகக் கிடைத்த படிப்பும் ஆங்கிலமும் தொடர்புகளும் ‘தகுதி’ ஆகிவிடுகின்றன. முதல் தலைமுறையாக வருகிறவன் மட்டும் ‘கோட்டா’ ஆகிவிடுகிறான்.

நான் முதல் பட்டதாரிச் சான்றிதழோடு பொறியியல் கவுன்சிலிங்குக்குப் போனவன். தமிழ்நாட்டில் பொறியியல் நுழைவுத் தேர்வை 2007 சேர்க்கையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அது இருந்திருந்தால், கோச்சிங்குக்குப் பணம் இல்லாத நான் உள்ளே வந்திருக்க மாட்டேன். கல்லூரியில் என்னைப் பார்த்து ஒருவர்கூட கீக் என்று சொன்னதில்லை. ராத்திரி முழுக்க லேபில் உட்கார்ந்து லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவிப் பழகியது நான்தான். ஆனால் அந்தப் பெயர் கண்ணாடி போட்ட, சென்னை ஆங்கிலம் பேசிய வேறொருவனுக்குப் போனது. எனக்குக் கிடைத்தது ‘கஷ்டப்பட்டுப் படிக்கிற பையன்’. இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் இருக்கிறது என்று வாங்கியவனுக்குத் தெரியும்.

இது கடல் தாண்டியும் போகிறது. 2020-இல் கலிஃபோர்னியா மாநில அரசு அமைப்பு ஒன்று, பெரிய நெட்வொர்க் நிறுவனம் ஒன்றின் மீது, தலித் எஞ்சினியர் ஒருவரிடம் சாதி பார்த்தார்கள் என்று வழக்குப் போட்டது. பிறகு தனிநபர்கள் இருவர் மேலிருந்த பகுதியை 2023-இல் திரும்பப் பெற்றார்கள். வழக்கின் முடிவு எப்படியும் போகட்டும். பழுப்பு நிற கீக் எல்லாரும் ஒன்று என்று வெளியில் இருப்பவர் நினைக்கிறார். உள்ளே நாங்கள் ஒன்றாக இல்லை. தென்றல் அக்கா சொன்ன அந்த நான்காமவரின் நாற்காலியில் உட்காரவும் எங்களில் சிலருக்குத்தான் இடம்.

முத்துக்குமரன் (சான் ஹோசே)

மகேஷ் தம்பி, பதில் சொல்லாமல் கடந்து போகக் கூடாத பதிவு இது. என் அப்பா அரசு ஊழியர், தாத்தா பள்ளித் தலைமை ஆசிரியர். எங்கள் வீட்டில் புத்தக அலமாரி நான் பிறக்கும் முன்பே இருந்தது. என் மகன் கை தூக்குவதற்கும் அந்த அலமாரிக்கும் உள்ள தொடர்பை அவனுக்கு நான்தான் சொல்ல வேண்டும், பள்ளி சொல்லாது.

கடலோடி (நாகர்கோவில்)

வயதில் மூத்தவன், கொஞ்சம் பழங்கதை பேச அனுமதியுங்கள்.

யாரைப் பற்றிப் படம் வர வேண்டும் என்று கேட்டால், தமிழைக் கணினியில் ஏற்றியவர்களைப் பற்றி என்பேன். எண்பதுகளில் மலேசியாவில் முத்து நெடுமாறன் முரசு மென்பொருளைத் தொடங்கினார். 1995-இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி தமிழை இணையப் பக்கத்தில் ஏற்றிக் காட்டினார். அன்றைக்கு ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒரு குறியீடு. நீங்கள் அனுப்பிய கடிதம் என் திரையில் கட்டம் கட்டமாகத் தெரியும். எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோடு குறியீடு பரவும் முன், உலகெங்கும் இருந்த தமிழர்கள் மின்னஞ்சல் குழுவில் மாதக்கணக்கில் வாதாடி டிஸ்கி என்ற பொதுக் குறியீட்டை உருவாக்கினார்கள். 1998 பொங்கலன்று, தமிழ் நூல்களை மின்னூலாக்கி இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டம் தொடங்கியது. அதை நடத்திய கு. கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்தின் லோசானில் வேதியியல் ஆராய்ச்சியாளர். பகலில் ஆய்வகம், மற்ற நேரத்தில் சங்க இலக்கியத்தை மின்னூல் ஆக்கும் வேலை. சம்பளம் இல்லை, பங்கு இல்லை, ஐ.பி.ஓ. இல்லை.

இந்த மனிதர்களை எந்த முத்திரையில் அடைப்பீர்கள்? அமெரிக்கத் தொடர் எழுதுகிறவருக்கு இவர்களைத் தெரியாது, சரி. நம் சினிமாவுக்கும் தெரியாதே! ஒரு ‘ணை’ எழுத்து சரியாக விழ வேண்டும் என்று ராத்திரி கண் விழித்தவனிடம் எவ்வளவு கதை இருக்கிறது. இரும்புக்கை தம்பி கேட்ட, ஆசைக்காகவே மதிக்கத் தக்க மனிதர்கள் இவர்கள். நீங்கள் இப்போது இந்த இழையில் தமிழில் தட்டுகிறீர்களே, அது அவர்கள் போட்ட பாதை.

இரும்புக்கை (கோவை)

ஐயா, இதை முழுதாக எழுதுங்கள். தனி இழையாகவே போடுங்கள். டிஸ்கி சண்டையை ஒரு காமிக்ஸாக வரைய இங்கே என் நண்பன் ஒருவன் இருக்கிறான்.

நிரலி (சென்னை)

கடலோடி ஐயா, உங்கள் பதிவைப் படித்து மகிழ்ச்சி. ஆனால் நீங்கள் சொன்ன பெயர்கள் எல்லாம் ஆண்கள். எனியாக் புகைப்படத்தில் நடந்தது நம் கண் முன்னால் நம் வரலாற்றிலும் நடக்க விடக் கூடாது. அந்த மின்னஞ்சல் குழுக்களில் பெண்கள் இருந்தார்கள். பழைய நூல்களை எழுத்து எழுத்தாகத் தட்டச்சு செய்தவர்களிலும், பிழை திருத்தியவர்களிலும் பெண்கள் இருக்கிறார்கள்.

நல்ல வேளையாக ஆதாரம் கையிலேயே இருக்கிறது. மதுரைத் திட்ட மின்னூல்களின் முகப்பில் தட்டச்சு யார், மெய்ப்புப் பார்த்தது யார் என்று நன்றியோடு குறித்திருப்பார்கள். முதல் ஐம்பது மின்னூல்களின் முகப்பை எடுத்துப் பெயர்களைப் பட்டியலிடும் வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன். அடுத்த ஐம்பதை ராதா அக்கா எடுப்பீர்களா? மகேஷ், பட்டியலை ஒரே தாளில் சேர்க்க உங்கள் உதவி வேண்டும். ஐயா, அந்தக் காலக் குழுக்களில் இருந்தவர்கள் யாரோடாவது உங்களுக்கு இன்னும் தொடர்பு இருந்தால், இந்த இழையின் சுட்டியை அவர்களுக்கு அனுப்பிவையுங்கள். அவர்களே வந்து எழுதட்டும்.